எல்லாருக்கும் ஊற்றிய மெழுகு

ஆதிலட்சுமி மெழுகில் கலப்படம் செய்யவில்லை. அவளைப் பற்றி வேறு எதையும் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். நெய்வேலி மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் எனக்கு ஒரு பூஜைச் சாமான் கடை இருக்கிறது. திரி, கற்பூரம், அகல் விளக்கு, சாமி படம். போன கார்த்திகைக்குப் பிறகு அந்தக் கடைக்கு வந்த ஒருவரையும் நான் சும்மா விட்டதில்லை. கற்பூரம் வாங்க வந்தவர்களை நிறுத்திவைத்து இதைச் சொன்னேன். "சாமானக் குடு ராஜாம்பா, பஸ்ஸு வந்துடும்" என்று சிலர் பறந்தார்கள். பஸ் போனால் அடுத்த பஸ் வரும். ஒருத்தியின் பேர் போனால் அடுத்த பேர் வருமா? கேட்டுவிட்டுப் போங்கள் என்று உட்கார வைத்தேன்.

ஆதியும் நானும் ஒரே காம்பவுண்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான் தாளித்தால் அவளுக்குத் தும்மல் வரும், அவ்வளவு பக்கம். அவள் பிறந்தது கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு வயிறு வளர்த்தவர்கள். அந்த நிலமெல்லாம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது நிலம் இருந்தவர்கள் மனுப் போட்டார்கள், போராடினார்கள், ஏதோ வாங்கினார்கள். நிலமே இல்லாதவர்கள் எதைக் காட்டிக் கேட்பது? சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மந்தாரக்குப்பம் வந்தார்கள். ஆதி இங்கேதான் பெரியவளானாள், இங்கேதான் பாவாடை என்கிறவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். பாவாடைக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. நல்ல மனுஷன், வாயைத் திறந்தால் 'பர்மனன்ட் ஆயிடும்' என்பது மட்டும்தான் வரும்.

ஆதி டவுன்ஷிப்பில், சுரங்கத்தில் பர்மனன்ட் ஆனவர்கள் குடியிருக்கிற குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு முன்னால் ஒரு கேட், மாமரம், குரோட்டன்ஸ் செடி. பின்னால் ஒரு சந்து, அதில் ஒரு சின்ன கேட். வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்தப் பின் கேட்தான். யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். சமையலறை வரை போகலாம். பெருக்கும்போது மட்டும் ஹாலுக்குப் போகலாம். பூஜை அறை வந்தால் கால் தானாக நின்றுவிடும்.

பார்வதியக்கா வீடு மட்டும் வேறு மாதிரி. பார்வதியக்காவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். புருஷன் இசக்கிமுத்து மைன்ஸில் பர்மனன்ட். கல்யாணமான புதிதில் வந்தவர்கள், இங்கேயே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தார்கள். அந்த வீட்டில் ஆதிக்கு வேறு டம்ளர் கிடையாது. பாத்திரம் தேய்த்து முடித்ததும் இருவரும் தரையில் காலை நீட்டிக்கொண்டு காபி குடிப்பார்கள். ஆதிக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்து ஆபரேஷன் செய்தபோது, பெற்ற தாய் போல ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவள் பார்வதியக்காதான். பாவாடை குடித்துவிட்டு வந்தாலும் அங்கே போய்ச் சொல்வாள், முருங்கைக்காய் நன்றாகக் காய்த்தாலும் அங்கே போய்ச் சொல்வாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்தி இருக்கிறேன் என்பதே அவளுக்கு ஞாபகம் வராது. எனக்குப் பொறாமை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

டவுன்ஷிப் பெண்கள் வருஷத்துக்கு ஒரு வகுப்பு வைத்துக்கொள்வார்கள். ஒரு வருஷம் கேக், ஒரு வருஷம் ஆரி வேலைப்பாடு. பிறகொரு வருஷம் சோயா மெழுகுவத்தி வந்தது. பார்வதியக்கா போய்க் கற்றுக்கொண்டு வந்து ஆதியையும் கூடச் சேர்த்துக்கொண்டாள். மூட்டையைப் பிரித்தால் தேங்காய்த் துருவல் மாதிரி வெள்ளை வெளேரென்று செதில் செதிலாக மெழுகு. தண்ணீர் கொதிக்கிற அண்டாவுக்குள் ஒரு பாத்திரத்தை வைத்து, அதில் செதிலைப் போட்டு உருக்க வேண்டும். கொஞ்சம் ஆறவிட்டு, கண்ணாடிக் குவளையில் திரியை நிறுத்தி ஊற்ற வேண்டும். அவசரப்பட்டுச் சுடச்சுட ஊற்றினால் மேலே வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும்.

"கடையில விக்குற மெழுகுவத்தி பாரபின் ஆதி. பெட்ரோல் எடுக்குற எண்ணெயில மிச்சம் மீதியில வருது அது. இது அப்படி இல்ல. சோயா பீன்ஸ் எண்ணெயக் கெட்டியாக்கினது. புகையாது, கரி பிடிக்காது" என்று பார்வதியக்கா பாடம் எடுத்தாள்.

புகையாதது சரி, விற்கவும் இல்லை. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற நெய்வேலியில் மெழுகுவத்தி விற்கிறீர்களா என்று கேட்டுச் சிரித்தார்கள். வாங்கிய இரண்டொருவரும் டி.வி. மேல் அலங்காரத்துக்கு வைத்தார்கள். சித்திரை வெயிலில் அது வியர்த்துக் குழைந்து, குவளையோடு குப்பைக்குப் போனது. பார்வதியக்கா மூட்டையைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டாள்.

அதை மறுபடி இறக்க வைத்தது ஆதிதான். கார்த்திகைக்கு முன்னால் என் கடையில் அகல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நின்றாள். அன்றைக்கே பார்வதியக்காவிடம் போய்க் கேட்டிருக்கிறாள்.

"அக்கா, இது எண்ணெதானுங்க? எண்ணெதான் ஒறைஞ்சிகினு இருக்குது. நெய்யி ஒறைஞ்சா அது நெய்யி இல்லன்னு சொல்லுவாங்களா? அப்ப இத அகல்ல ஊத்தி வெச்சா வெளக்குதானுங்களே?"

பார்வதியக்கா அப்படியே அவளைக் கட்டிக்கொண்டாளாம். கார்த்திகை மாதத்தில் எங்கள் பக்கம் எப்படி என்று தெரியும் அல்லவா? மழையும் காற்றும். காம்பவுண்டு சுவரில் வைத்த அகலில் எண்ணெய் தளும்பிக் கோலத்தில் கொட்டும், எறும்பு வரும், பட்டுப்புடவையில் பிசுக்கு ஒட்டும். உறைந்த விளக்கில் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. மெழுகுவத்தி என்றால் சாமிக்கு ஆகாது என்று மூக்கைச் சுளித்தவர்களிடம் ஆதி வீடு வீடாகப் போய்ப் பேசினாள்.

"பாரபின்னு வேற ஒண்ணு இருக்குதுங்க. அது மண்ணெண்ணெய்க்குப் பங்காளி, சாமிக்கு ஆவாது. இதுல அது ஒரு சொட்டு கூட இல்லீங்க. எரிஞ்சி முடிஞ்சதும் சுடுதண்ணி ஊத்தி சோப்புத்தூள் போடுங்க, மோராட்டம் கரைஞ்சி போயிடும். போவலன்னா என்னக் கேளுங்க. நான் ஜவாப்பு."

ஒரு வருஷம் பார்த்தார்கள். சொன்னது சொன்னபடி இருந்தது. அடுத்த வருஷம் புது அகல் எதற்கு என்று தங்கள் வீட்டுப் பித்தளை விளக்குகளையே கொடுக்கத் தொடங்கினார்கள். மாமியார் கொடுத்தது, தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தது, குலதெய்வத்துக்கு வைப்பது என்று எல்லாம் ஆதியின் கூடைக்கு வந்தன. வீட்டு விளக்கைப் பின் கேட் வழியாக அனுப்ப முடியுமா? அது ஆகாது. அதனால் கார்த்திகைக்கு விளக்கு எடுக்கப் போகும்போது ஆதி முன் வாசல் வழியாகப் போனாள். குளித்து, நெற்றிக்கு இட்டு, பூஜை அறைக்குள்ளேயே உட்கார்ந்து விளக்குகளைத் தன் கையால் எடுத்தாள். பிளாக்கில் பெரிய மனுஷி வளர்மதி. புருஷன் ஆபீஸர்; அவள் தலையாட்டினால் மற்ற பெண்களும் ஆட்டுவார்கள். அந்த வளர்மதியே, "உள்ள வா ஆதி, மாடத்துல இருக்கறதையும் நீயே எடுத்துக்க" என்று சொன்னாளாம்.

அதை வந்து என்னிடம் சொன்னபோது ஆதியின் கண் கலங்கியிருந்தது. "எங்கம்மா இதப் பாக்கலியே ராஜாம்பா" என்றாள். பிளாக்கில் அவளுக்கு இருந்த ஒரே சொத்து அந்த முன் வாசல்தான்.

போன வருஷம் ஐப்பசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. பார்வதியக்கா வழக்கம்போல ஆர்டர் எடுத்தாள். இசக்கிமுத்து தை மாதக் கடைசியில் ரிட்டையர் ஆகிறார், அதன்பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு சொந்த ஊருக்குப் போகிறார்கள் என்பதால், இதுதான் கடைசி கார்த்திகை என்று சொல்லி, பழக்கமில்லாத பிளாக்குகளில்கூட ஏராளமாக எடுத்துவிட்டாள். மெழுகு வாங்குவது அவள் வேலை; உருக்கி ஊற்றுவது ஆதியின் வேலை, ஆதியின் வீட்டில். எப்போதும் அப்படித்தான்.

இந்த முறை வந்தது செதிலாக இல்லை. கட்டி கட்டியாக இருந்தது.

"கம்பெனியில மாத்திட்டாவ. இனிமே கட்டியாத்தான் வருமாம்" என்றாள் பார்வதியக்கா.

ஆதி ஊற்றினாள். ஆறியபோது ஒவ்வொரு விளக்கிலும் நடுவில் குழி விழுந்தது. சோயா அப்படிக் குழியாது, தட்டையாக உறையும். உருக்கின பாத்திரத்தைக் கழுவினால் பிசுக்குப் போகவில்லை. அதையும் போய்க் கேட்டாள். ஈரக்காற்று அப்படித்தான் பண்ணும் என்று பதில் வந்தது. நான்கூடச் சொன்னேன், "ஏண்டி, வாசன வேற மாதிரி இருக்குதே" என்று. "அக்கா சொல்லிட்டாங்க இல்ல, வுடு" என்றாள். தன் கையில் ஒட்டின பிசுக்கைவிட அக்காவின் வாய்ச்சொல் அவளுக்குப் பெரிது. டவுன்ஷிப்பிலிருந்து வருகிற எதையும் நாங்கள் முகர்ந்து பார்க்க மாட்டோம். அது எங்கள் பக்கத்து வியாதி.

இன்னும் ஒன்றும் சொல்லியிருந்தாள் பார்வதியக்கா. அவர்கள் வீட்டு விளக்கு ஒன்று உண்டு. இசக்கிமுத்துவின் அம்மா கொடுத்த ஒற்றைப் பித்தளை விளக்கு. குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த அன்று முதலில் உள்ளே கொண்டுபோனது அதைத்தான். "எங்க விளக்குக்கு மட்டும் உன்கிட்ட மிச்சம் இருக்கே பழைய செதில், அதுலேருந்து ஊத்து ஆதி. நாம சேந்து வாங்கினதுல்லா, கடைசி வருஷம் அதுலயே எரியட்டும்" என்று சொன்னாள். பாசத்தில் சொல்கிறாள் என்று ஆதி நினைத்தாள். கேட்டுக்கொண்டிருந்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கார்த்திகை முடிந்து சில நாளில் வளர்மதி கூப்பிட்டு அனுப்பினாள். திரி என் கடைச் சரக்கு என்பதால் என்னையும் வரச் சொல்லியிருந்தாள். போனால் பிளாக் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பார்வதியக்காவும் இருந்தாள்.

வளர்மதி பூஜை அறையைக் காட்டினாள். வெள்ளைச் சுவரில் மாடத்துக்கு மேலே கரி ஏறியிருந்தது. தாம்பாளத்தில் அவள் வீட்டுப் பித்தளை விளக்குகள்.

"சுடுதண்ணி ஊத்தினா மோர் மாதிரி கரைஞ்சிடும்னு சொன்னியே ஆதி. ஊத்தி ஊத்திப் பாத்துட்டேன். பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டே இருக்கு. நீயே தொட்டுப் பாரு."

ஆதி தொட்டாள். விரலை விரலோடு தேய்த்தாள். "இது நம்ம மெழுகு இல்லீங்க" என்றாள்.

"வேற யாரு மெழுகு? நீதான ஊத்திக் குடுத்த?"

ஆதி பார்வதியக்காவைத் திரும்பிப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. 'நீங்க சொல்லுங்க அக்கா, இவங்களுக்கு வெளங்கற மாதிரி சொல்லுங்க' என்கிற பார்வை. பார்வதியக்கா முந்தானையைத் தோளில் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நான் என்னத்தச் சொல்ல? வருஷா வருஷம் சோயாதான் வாங்கிக் கொடுக்கேன், இந்த வருஷமும் அதத்தான் கொடுத்தேன். உருக்கினது, ஊத்தினது எல்லாம் அவ வீட்டுலலா. அங்க என்ன நடந்துச்சுன்னு நான் போயிப் பாத்துக்கிட்டா இருக்க முடியும்?"

எனக்கு உச்சந்தலை எரிந்தது. "ஏங்க, நாக்குல நரம்பு இல்லாம பேசறீங்களே!" என்று எழுந்தேன். ஆதி என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். "அக்கா" என்று மட்டும் கூப்பிட்டாள். பார்வதியக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமி விஷயத்துல போயி இப்படிப் பண்ணிட்டியே. உன்ன நம்பிப் பூஜை ரூம் வரைக்கும் விட்டேன் பாரு" என்றாள் வளர்மதி. கத்தவில்லை; கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "வேலைக்கு வரதுன்னா வா. வேண்டாம்னு சொல்லல. பின் கேட் தெறந்துதான் இருக்கும்."

வீட்டுக்கு வந்து ஆதி அழவில்லை. பார்வதியக்காவின் ஒற்றை விளக்கு கார்த்திகை முடிந்து கழுவுவதற்காக அவளிடம்தான் வந்திருந்தது. அதை எடுத்துத் தரையில் வைத்தாள். வெந்நீர் போட்டு ஊற்றினாள். சோப்புத்தூள் தூவினாள். மெழுகு அப்படியே வெள்ளையாகக் கரைந்து ஓடியது. பித்தளை பளிச்சென்று நின்றது.

நான் மூலையில் மிச்சம் கிடந்த கட்டிகளில் ஒன்றை எடுத்து முகர்ந்தேன். நானும் கடையில் மெழுகுவத்தி விற்கிறவள்தான். "இதுல பாரபின் கலந்திருக்குதுடி" என்றேன். கட்டியைத் திருப்பினால் ஒரு மூலை நசுங்கியிருந்தது. எல்லாக் கட்டியிலும் அதே மூலை நசுங்கல். ஆதி அதைத் தடவிப் பார்த்தாள்.

"அக்கா வூட்டு கேக்கு சுடுற தட்டு" என்றாள். "நாந்தான் கீழ போட்டு நசுக்கினேன். அதுக்குக்கூட அவங்க என்னத் திட்டல."

கம்பெனியாவது மாற்றுவதாவது! பார்வதியக்கா வீட்டிலேயே சோயாவையும் பாரபினையும் உருக்கிக் கலந்து கேக் தட்டில் ஊற்றி ஆதியிடம் கொடுத்திருக்கிறாள். அதுகூடப் போகட்டும். தன் வீட்டு விளக்குக்கு மட்டும் பழைய செதிலில் ஊற்றச் சொன்னாளே! தெரியாமல் செய்தவள் அப்படிச் சொல்ல மாட்டாள். ஊரார் சாமிக்கு எதுவானாலும் போதும், தன் சாமிக்கு மட்டும் சுத்தமானது வேண்டும். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அதை நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

ஆதி மறுநாளிலிருந்து பின் கேட் வழியாகத்தான் போனாள். சில வீடுகளில் அந்தக் கேட்டும் மூடிவிட்டது. கலப்படக்காரி என்று அவள் காதுபடவே பேசினார்கள். பார்வதியக்கா வீட்டுக்கு அவள் போகவில்லை. அந்தச் சந்தைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு போவாள். தப்புச் செய்தவள் நிமிர்ந்து நடந்தாள், இவள் குனிந்து நடந்தாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தை மாதத்தில் இசக்கிமுத்து ரிட்டையர் ஆனார். மாலையும் சால்வையுமாக வேனில் கொண்டுவந்து விட்டார்கள், வெடி வெடித்தார்கள், வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். எப்போதும் நடப்பதுதான். அதற்கு இரண்டொரு நாள் கழித்துப் பார்வதியக்கா மந்தாரக்குப்பத்துக்கு வந்தாள். நான் ஆதி வீட்டு வாசலில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கி, பிறகு உள்ளே போனாள். நான் எழுந்து போகவில்லை. எதற்குப் போக வேண்டும்?

"எங்க விளக்கக் கொடுத்துரு ஆதி. லாரி சொல்லியாச்சு" என்றாள்.

"ஒக்காருங்க அக்கா" என்றாள் ஆதி. "ஏங்க அப்பிடிச் சொன்னீங்க?"

பார்வதியக்கா மறுக்கவில்லை. அதுவரை அவளைப் பாராட்டலாம். "மழையில சரக்கு வரல. லாரி எங்கயோ நின்னுபோச்சு. எல்லாருகிட்டயும் ஆர்டர் எடுத்தாச்சு, கார்த்திகை வாசல்ல வந்து நிக்கி. இல்லேன்னு சொல்லி எப்படி அவிய மூஞ்சில முழிக்க? இருந்த சோயாவோட கொஞ்சம்போலப் பாரபின் கலந்தா யாருக்குத் தெரியப்போவுதுன்னு நெனச்சேன்."

"கலந்தது போவட்டும். அன்னிக்கு அங்க வெச்சி என்னச் சொன்னீங்களே."

"பயந்துட்டேன் ஆதி."

"அப்ப இப்ப வந்து சொல்லுங்க. வளர்மதிம்மாகிட்ட ஒரே வார்த்த. ஆதி இல்லன்னு சொன்னா போதும். நீங்கதான்னு கூடச் சொல்ல வேணாம்."

அதற்குப் பார்வதியக்கா சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "நான் இந்த ஊர விட்டுப் போறவ ஆதி. இத்தன வருஷம் இருந்துட்டு, போகும்போது கெட்ட பேரோட போக முடியாதுலா. நீ இங்கயே இருக்கப்போறவ. நாளாக ஆக மெல்லச் சரியாயிரும்."

பூ கட்டும் நாரை இறுக்கியதில் என் விரலே வெட்டுப்பட்டுவிட்டது. இருக்கிறவள்தானே அந்தப் பேரோடு தினமும் தெருவில் நடக்க வேண்டும்? போகிறவளுக்கு என்ன? அதைக் கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் ஆதி எழுந்துவிட்டாள்.

"வெளக்கு இன்னும் ரெடியா இல்லீங்க. லாரி வர்ற அன்னிக்கி நானே கொண்டாந்து தரேன்" என்றாள்.

லாரி வந்த அன்று காலையில் நானும் கூடவே போனேன். தடுத்தாலும் போயிருப்பேன். வீட்டில் கட்டில், பீரோ எல்லாம் ஏறிவிட்டது. பிளாக் பெண்கள் வழியனுப்ப வந்திருந்தார்கள். வளர்மதி ஒரு புடவை வைத்துக் கொடுத்தாள். வெறும் வீடாகப் பூட்டக் கூடாது, பூஜை இடத்தில் ஒரு விளக்கு ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அந்த ஒற்றை விளக்குக்காகத்தான் எல்லாரும் காத்திருந்தார்கள்.

ஆதி அன்று முன் வாசல் வழியாக வந்தாள். யாரையும் கேட்கவில்லை. விளக்கைப் புதுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். பிரித்து, பார்வதியக்காவின் கையில் கொடுத்தாள். பித்தளை கண்ணைப் பறித்தது. மெழுகு நிறைய ஊற்றியிருந்தது. நடுவில் சின்னக் குழி.

"உங்க வெளக்குங்க அக்கா. எல்லாருக்கும் ஊத்தினதையேதான் இதுலயும் ஊத்தி இருக்கறேன்" என்றாள்.

மற்றவர்களுக்கு அது சாதாரணப் பேச்சு. பார்வதியக்கா மட்டும் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏத்துளா, லாரிக்காரன் அவசரப்படுதான்" என்றார் இசக்கிமுத்து. அவருக்கு எதுவும் தெரியாது. தீப்பெட்டியை அவரே எடுத்து நீட்டினார்.

பார்வதியக்கா தீக்குச்சியை உரசினாள். திரிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அது விரல்வரை எரிந்து அணைந்தது. இன்னொன்று உரசினாள். அதுவும் அணைந்தது.

"காத்தா வருது? ஜன்னல சாத்தவா?" என்று வளர்மதி கேட்டாள்.

"வேண்டாம்" என்றாள் பார்வதியக்கா. "இது வேண்டாங்க. இதுல ஏத்தக் கூடாது."

"ஏம்ளா? நம்ம வீட்டு விளக்குதான?" என்றார் இசக்கிமுத்து.

"அத்தையோட விளக்கு. சாமிக்கு வைக்கது. இதுல போயி இத..."

வளர்மதி சும்மா பெரிய மனுஷி இல்லை. விளக்கைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், ஆதியைப் பார்த்தாள். "எங்களுக்கே எரிச்சுக் கழுவினப்புறம்தான் தெரிஞ்சுது, நீங்களும் சோயாதான் குடுத்தேன்னீங்க. இன்னும் பத்தவே வெக்கலியே பார்வதிக்கா. அதுக்குள்ள இது சுத்தமில்லன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பார்வதியக்கா அந்த வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒவ்வொருத்தியாக வாசலுக்கு நகர்ந்தார்கள். இசக்கிமுத்து கையில் தீப்பெட்டியோடு நின்றார், பாவம். கடைசியில் என் பையிலிருந்த கற்பூரத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதை ஏற்றிவிட்டு வீட்டைப் பூட்டினார். அழுத முகத்தோடு பார்வதியக்கா வண்டியில் ஏறினாள். ஏறுவதற்கு முன் ஆதியின் கையைப் பிடிக்க வந்தாள். ஆதி அந்தக் கையில் விளக்கை வைத்தாள்.

கேட்டுக்கு வெளியே வளர்மதி நின்றிருந்தாள். "ஆதி, நாளைக்கு வீட்டுக்கு வா" என்றாள்.

"எந்தப் பக்கமாங்க வரணும்?" என்று ஆதி கேட்டாள். எதிர்த்துக் கேட்கவில்லை. தெரியாமல் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். வளர்மதி அந்தக் கேட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாங்கள் நடக்க ஆரம்பித்துவிட்டோம்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "போட்டியே ஒரு போடு! பாம்பும் செத்துச்சு, கோலும் ஒடையல. வளர்மதி மொகத்தப் பாத்தியா? அந்தம்மா அப்பிடியே ஒக்காந்துச்சே, அதப் பாத்தியா?" என்று வழியெல்லாம் கொண்டாடினேன். மந்தாரக்குப்பம் ஆர்ச் வரும்வரை வாய் ஓயவில்லை. பக்கத்தில் சத்தமே இல்லையே என்று திரும்பிப் பார்த்தால், ஆதி பத்தடி பின்னால் ரோட்டோரத்தில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுகிறாள். வளர்மதி வீட்டில் வராத அழுகை, வீட்டில் விளக்குக் கழுவும்போது வராத அழுகை, எல்லாம் சேர்த்து வந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"ஏண்டி, பைத்தியமா நீ? ஒம் பேரு திரும்பி வந்துடுச்சுடி. இப்பப் போயி அழுவற?"

"இம்மாம் பெருசா ஒண்ணு நடந்துபோச்சி ராஜாம்பா" என்றாள் தேம்பிக்கொண்டே. "இத நான் யாருகிட்டப் போயிச் சொல்லுவேன்? எது நடந்தாலும் அந்தக்காகிட்டதான போயிச் சொல்லுவேன்."

கூடவே நடந்து வந்த நான் அவளுக்குக் கண்ணில் படவில்லை. அன்றைக்கு எனக்கு அதில் கோபம் வரவில்லை. முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, கையைப் பிடித்து ரோட்டைக் கடந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.